புள்ளி ஒன்பது என்ற பொய்

'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.'

நான்காவது முறையாக அதே பதிவுக் குரல். சிஸ்டர் போனை வைத்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோது கிட்னி திடீரென்று நின்று, பிறகு ஓட ஆரம்பித்து, வீட்டுக்குப் போனவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் வருடக்கணக்கில் விடாமல் துரத்துவதுதான் அவள் வேலை. நின்ற கிட்னி ஓடியதும் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் சிலருக்கு, ஒரு வலியும் காட்டாமல், அது தேயத் தொடங்கும். 'ரத்தம் குடுக்க எப்ப வர்றீங்க?' என்று கேட்டுக் கேட்டே அவளுக்குத் 'தொல்லை சிஸ்டர்' என்று பெயர் வந்திருந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

"விடுங்க சிஸ்டர்" என்றார் கிட்னி டாக்டர், வாசலில் நின்றபடியே. "தொடர்பில் இல்லைன்னு எழுதிட்டு அடுத்த ஆளைப் பாருங்க."

"ஆளு தொலைஞ்சு போகல டாக்டர். நாமதான் தொலைச்சிருக்கோம்."

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் அந்த ஆளின் ஃபைலைத் திறந்தாள். லிஃப்ட் மெக்கானிக். நிமோனியா, ஒன்பது நாள் டயாலிசிஸ். காய்ச்சலின் உச்சத்தில், "கதவைத் தொறக்காதீங்க, நடு மாடியில நிக்குது!" என்று வார்டே அதிரக் கத்தியவன். அவனை மறக்க முடியுமா?

வீட்டுக்கு அனுப்பிய நாளில் கிரியாட்டினின் 0.9. நல்ல எண். பக்கத்தில் 'முழு குணம்' என்ற கட்டத்தில் டிக்.

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

சேர்ந்தபோது எடை 81. போகும்போது 59.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. கிட்னி அதை வெளியேற்றினால் ரத்தத்தில் எண் குறையும். ஆனால் இருபத்திரண்டு கிலோவைப் படுக்கையிலேயே தொலைத்தவன் உடம்பில் தசை ஏது? கழிவே இல்லாதபோது பாதி செத்த கிட்னிகூட 0.9 காட்டும்!

'முழு குணம்' என்று டிக் விழுந்தால் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரு வருடம் கழித்து ஒரு போன், அவ்வளவுதான். அதாவது பன்னிரண்டு மாதமாக அவன் ரத்தத்தை யாருமே பார்க்கவில்லை.

டிக்குக்குக் கீழே கையெழுத்து. அவளுடையது.

அடுத்த நிமிடம் அவள் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் இருந்தாள். உள்ளே மாட்டியிருந்த சர்வீஸ் அட்டையில் தேதி, கையெழுத்து, அடியில் ஒரு போன் நம்பர். அடித்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்."

"லிஃப்ட் நின்னுடுச்சாம்மா?"

"லிஃப்ட் ஓடுது. உங்க தொழில்ல ஒருத்தரைத் தேடறேன். போன வருஷம் எங்ககிட்ட சாகக் கிடந்து பொழைச்சவர்."

"அட, நம்ம ஸ்பானரு! அவன் கம்பெனி மாறிட்டானே. நம்பரும் மாத்திட்டான், வீடும் மாத்திட்டான். பொண்டாட்டியை மட்டும்தான் மாத்தல." மறுமுனையில் ஒரு சிரிப்பு. "இன்னிக்கு ரயில் நிலையம் பக்கத்துல ஏழு மாடி ஆபீஸ்ல கயிறு மாத்தறான். போனா பிடிச்சிடலாம்."

போனாள். லிஃப்ட் வாசலில் பலகை தொங்கியது: 'பராமரிப்பு. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.'

ஏழு மாடி. தோளில் ரத்தக் குழாய் வைக்கும் ஐஸ் பெட்டி. நான்காவது மாடியில் மூச்சு வாங்கியது. ஆறாவது மாடியில் அந்த மெக்கானிக்கைத் திட்டினாள். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக் கதவைத் தள்ளியபோது, கிரீஸ் அப்பிய முகம் ஒன்று திரும்பியது. அகன்ற தோள், முறுக்கிய கை. எண்பது கிலோ நிச்சயம்.

"சிஸ்டர்! உயிரோட இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?"

"மொதல்ல தண்ணி குடுங்கண்ணே. அப்புறம் ரத்தம் குடுங்க."

"ரத்தமா? எதுக்கு?" அவன் டூல் பாக்ஸைத் திறந்தான். ஸ்பானர்களுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தான். அவனை வீட்டுக்கு அனுப்பிய சீட்டு. "பாருங்க, கிட்னி முழு குணம். சாமி படம் மாதிரி வச்சிருக்கேன்."

"அது என் கையெழுத்துண்ணே."

"தெரியும். அதான் நம்பினேன்."

அந்த வார்த்தை சுரீரென்றது. "நம்பாதீங்க. நான் எழுதினது தப்பு."

அவன் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு உங்க உடம்புல சதையே இல்ல. அதனால எண் நல்லா இருந்துச்சு. காலி லிஃப்டை ஓட்டிப் பாத்துட்டு மோட்டார் நல்லா இருக்குன்னு சொன்ன மாதிரி."

"சிஸ்டர், காலி லிஃப்ட் கீழ எறங்கும்போதுதான் மோட்டார் அதிகமா முக்கும். எதிர்ப்பக்கம் எடைக்கட்டு தொங்குதுல்ல?"

"எனக்கு இப்ப லிஃப்ட் பாடம் நடத்தறீங்களா?"

"சரி சரி, கோவிக்காதீங்க. ஆள் ஏத்திப் பாக்காமலே சர்டிபிகேட் குடுத்துட்டீங்க. அதானே?"

"அதேதான்."

அவன் சட்டைக் கையை மடித்தான். மடிக்கும்போது பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. வலி மாத்திரை. பத்தில் மூன்றுதான் மிச்சம்.

"இது தினமுமா?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தோள்பட்டை சொன்ன பேச்சு கேக்கல. ஆறு மாசமா."

ரத்த அழுத்தம் பார்த்தாள். 164. மோட்டார் அறையிலேயே, கயிற்றுச் சுருள்மேல் அவனை உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். மாத்திரை அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சிஸ்டர், அது என்னோடது!"

"இனிமே இல்ல."

மறுநாள் காலை முடிவு வந்தது. 0.9 இருந்த இடத்தில் 2.4.

கிட்னி டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இன்னும் ஆறு மாசம் இதே மாத்திரை போட்டிருந்தா நேரா டயாலிசிஸுக்குத்தான் வந்திருப்பார்."

மத்தியானம் ஸ்பானர் மனைவியோடு வந்து உட்கார்ந்தான். "மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர். நான் சொன்னா கேட்டாத்தானே!" என்றாள் மனைவி.

"இனி நான் சொல்றேன்மா" என்றாள் சிஸ்டர். "கேக்கலைன்னா வீட்டுக்கே வருவேன்."

"வருவாங்க" என்றான் அவன், பயத்தோடு. "ஏழு மாடி ஏறி வந்தவங்க."

வலி மாத்திரை நின்றது. அழுத்தத்துக்கு மாத்திரை வந்தது. உப்பு குறைந்தது. தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்கள் போனதும் சிஸ்டர் பதிவேட்டோடு டாக்டர் முன்னால் நின்றாள். "எடையைப் பாக்காம நான் டிக் போட்டவங்க இன்னும் முப்பத்தேழு பேர் டாக்டர். என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

டாக்டர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். எத்தனையோ பேர் இப்படி ஒரு டிக்கைக் கண்டும் காணாமல் ஃபைலை மூடியதை அவர் பார்த்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாதிப் பேரை எனக்குக் குடுங்க. போன் போட எனக்கும் தெரியும்."

மூன்று மாதம் கழித்து ஸ்பானரின் எண் 1.7. அதற்குக் கீழே இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. "முழுசா சரியாகாதா?" என்று கேட்டான்.

"ஆகாதுண்ணே. ஆனா பாத்துக்கிட்டா இதே மாதிரி ரொம்ப வருஷம் ஓடும். அடுத்தது மூணு மாசத்துல."

அவன் டூல் பாக்ஸைத் திறந்து பழைய சீட்டை உறையிலிருந்து உருவினான். அந்த இடத்துக்குப் புது லிஃப்ட் சர்வீஸ் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதுல எழுதுங்க. தேதி, எண், கையெழுத்து."

அவள் எழுதினாள். பிறகு கட்டங்களுக்கு ஓரமாக ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்து, தலைப்பில் 'எடை' என்று சேர்த்தாள்.

"மிஷின்ல ஏறி நில்லுங்கண்ணே."