செம்போடு நின்ற கேட்டுவாசல்

காலேஜ்காரர்கள் உப்பளத்துக்கு வந்தால் நல்லதுக்கு வரமாட்டார்கள். பச்சமுத்து உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டான்.

வந்தது மேரிசெல்வி டீச்சர். கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பிரிவு விழாவாம். மூணு மாசம் முன்னால் வகுப்பில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் செத்துப்போன அவன் மகள் அமுதவல்லிக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்களாம். அப்பன் வந்து அவள் பேரில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போடணுமாம்.

கையெழுத்து என்றதும் அவனுக்குச் சுருக்கென்றது. செத்த பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா?

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எம்பொண்ணுகூட யார் இருந்தாங்க?"

காலேஜ் ஆபீசில் இதை எத்தனையோ தரம் கேட்டாகிவிட்டது. ஒரு ஸ்டாஃப் இருந்தார் என்பார்கள், ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள். டீச்சர், தான் அன்றைக்கு லீவு என்றாள். பொய்யில்லை. உண்மையும் முழுசாக இல்லை, கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்குப் புதுத் துணியும் ஒரு செம்புத் தண்ணியும் வைத்து, பேர் சொல்லி வீட்டுக்கு அழைப்பார்கள். பூவாடை என்று பேர். அவன் பொண்டாட்டி செல்லம்மாள் ரெண்டு தரம் வைக்க உட்கார்ந்து ரெண்டு தரமும் எழுந்துவிட்டாள். எப்படிப் போனாள் என்றே தெரியாதவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? வெள்ளிக்கிழமை மஞ்சள் தாவணியையும் வெறுஞ்செம்பையும் பையில் போட்டுக் கொடுத்தாள். தெரிந்தால் அங்கேயே வைத்துக் கூட்டிக்கொண்டு வா, தெரியாவிட்டால் பையைப் பிரிக்காதே என்றாள்.

விழாவில் முன்வரிசை நாற்காலியில் அமுதவல்லி போட்டோ இருந்தது. பட்டம் வாங்குகிறவர்கள் போடும் கறுப்பு அங்கியை அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். கன்னிப் பொண்ணுக்குக் கறுப்பு. பிரின்சிபால் பத்து நிமிஷம் இங்கிலீஷில் உருகிவிட்டு, அவனை மேடைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து நோட்டை நீட்டினார். பச்சமுத்து பேனாவைத் தொடவில்லை. மைக்கில் அதே கேள்வியைக் கேட்டான்.

அப்புறம் ஆபீசில் பேசலாம் என்று பிரின்சிபால் மைக்கை இழுத்தார். அதற்குள் நாலாவது வரிசையில் முக்காடு போட்ட ஒரு பெண் எழுந்தாள். மகளின் சிநேகிதி முபீனா.

"நான்தாம்பா இருந்தேன். ஸ்டாஃப் யாரும் வரல."

அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் நிறுத்தவில்லை. ஆபீஸ் லெட்டர் இல்லாமல் வெளியே விடமாட்டோம் என்று கேட்டில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. தலை இவள் மடியில்.

"தண்ணி கேட்டாப்பா. எங்கிட்ட பாட்டில் இருந்துச்சு. மயக்கத்துல குடுக்கக்கூடாதுன்னு ஆட்டோல இருந்தவங்க சொன்னாங்க, நானும் குடுக்கல. ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

பிரின்சிபாலுக்கென்று வசவு சேர்த்து வைத்திருந்த பச்சமுத்து மேடையைவிட்டு இறங்கிப்போய்க் கறுப்பை எடுத்துவிட்டு மஞ்சளைப் போர்த்தினான். செம்பை முபீனாவிடம் கொடுத்தான்.

"இப்ப குடும்மா."

அவள் பாட்டிலைச் சாய்த்தாள். பாதி கீழே போனது. போட்டோ முன்னால் செம்பை வைத்தாள்.

"வா சாமி, வூட்டுக்குப் போலாம்," என்றான் பச்சமுத்து.

நோட்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது. "இந்தப் பொண்ணு சொன்னத அதுல எழுதுங்க. கைநாட்டு வைக்கறேன்." பிரின்சிபால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

செல்லம்மாளிடம் அவளே வந்து சொல்லணும் என்று முபீனாவைக் கூப்பிட்டான். தாவணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னே நடந்தான், அவள் செம்பை ரெண்டு கையாலும் பிடித்துப் பின்னால் வந்தாள். கேட்டில் வாட்ச்மேன் மறித்தான். விழா முடியவில்லையாம். அந்தப் பெண்ணுக்கு லெட்டர் வேணுமாம்.

"இங்கதாம்பா படுக்க வச்சிருந்தோம்," என்று முபீனா சுவரோரம் காட்டினாள்.

பச்சமுத்து அந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"போய் வாங்கினு வாடா உன் லெட்டர. ரெண்டு பொண்ணுக்கும் சேத்து வாங்கினு வா."

வாட்ச்மேன் ஆபீஸ் பக்கம் பார்த்தான். அங்கிருந்து யாரும் வரவில்லை.