முக்கால் கிலோ கூலர்

இரண்டாயிரத்து எட்டு மே மாதத்தில் ஜீவிதாவின் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துபோனது. அவள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். மூன்று வருடமாக, கிடைத்த நேரத்தில் நாலு நிமிட அனிமேஷன் படம் ஒன்றைத் தனியாகச் செய்துவந்தாள். ஜூன் ஐந்தாம் தேதிக்குள் அது, வேலைக்கு ஆள் எடுக்கும் சென்னை அனிமேஷன் கம்பெனி ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை. ஆகஸ்டில் அவளுக்கு முப்பத்தொன்று.

சர்வீஸ் கடை ஸ்தனிஸ்லாஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். "பிராசசர் கொதிக்குதும்மா. இந்த ஃபேன் திண்டுக்கல் வெயிலுக்குப் பத்தாது."

பிராசசரின் சூட்டைத் தணிக்கும் இரண்டு கூலர்களை மேசையில் வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு. செம்புத் தகடுகள் பூப்போல விரிந்திருந்தன. மற்றது செங்கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல அலுமினியத் தகடுகளின் அடுக்கு. ஒரு பக்கம் பெரிய ஃபேன்.

"சின்னதே போதும். பெருசு முக்காக் கிலோ. போர்டுல தொங்கிக்கிட்டே நிக்கும். பெட்டியும் மூடாது."

"நடுவுல நின்னுபோச்சுன்னா திரும்பச் செய்ய நாளில்லண்ணே. பெருசையே போட்டுருங்க."

அவர் இரண்டு முறை கேட்டார். அவள் மாறவில்லை. மாட்டி முடித்ததும், "இந்தக் கனத்துக்கு, தூக்கிட்டுப் போனா பெட்டியைப் படுக்க வச்சுத்தான் போகணும்" என்றார்.

கூலர் வேலை செய்தது. எண்பது டிகிரியைத் தாண்டிய சூடு ஐம்பத்தெட்டில் நின்றது. ஆனால் கரண்ட் அடிக்கடி போனது. பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தோழி காதர் பீவி, "எங்கட்ட ஜெனரேட்டர் இருக்குல்ல, தூக்கிட்டு வா" என்றாள்.

கணவன் மோகன்குமார் வெங்காய மண்டியில் எடை போடுபவன். இந்தப் படத்தைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை. அன்று லீவு போட்டு ஆட்டோ பிடித்தான். இடம் ஒதுக்கி வைக்க அவள் முன்னாலேயே பஸ்ஸில் போனாள். "படுக்க வச்சு வாங்க" என்று சொல்லித்தான் போனாள்.

அவன் வந்து இறங்கியபோது சட்டை முழுக்க வியர்வை. "ரோடு பூரா பள்ளம். கீழ வச்சா அடிபடும்னு நிமித்தி மடியிலயே கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றவில்லை. உள்ளே கூலர் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

ஸ்தனிஸ்லாஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "கூலர் தொங்கி போர்டு விரிசல் விட்டிருச்சு. இது இனி ஆகாது. படமெல்லாம் ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கும். ஆனா இந்தப் போர்டு கோயம்புத்தூர்ல இருந்து வரணும், ஒரு வாரமாகும்." மிச்சம் இருந்தது மூன்று நாள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களில் முயன்றாள். ஒரு ஃபிரேம் உருவாகவே அரைமணி நேரம் பிடித்தது. இன்னும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

"எங்கயும் இடிக்கலையே, நிமித்தி மடியில இறுக்கித்தானே பிடிச்சிருந்தேன்" என்றான் மோகன்குமார்.

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். ஜீவிதா முந்திக்கொண்டாள். "வெயில்ல போயிருச்சுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

ஐந்தாம் தேதி போனது. பத்தாம் தேதி போர்டு வந்தது. இந்த முறை சின்னக் கூலரையே மாட்டச் சொன்னாள். அது போதுமானதாகவே இருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், மோகன்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ செஞ்ச படத்த ஒருதடவ போட்டுக் காட்டேன். நான் பாத்ததே இல்ல."

"அது இல்லங்க. டிஸ்க்ல எடம் பத்தலன்னு அழிச்சுட்டேன்."

திரையில் யாரோ ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜீவிதா அந்த இடத்தில் நிறுத்தி, வெட்டி, பூ தூவுகிற காட்சியை ஒட்டினாள்.