வாதுமை மரத்து நிழல், கொசுறாக

சான் அனிசெத்தோ ஊரில் மரத்து நிழலைக் கத்திரிக்கோலால் வெட்டி, மடித்து, சாமானோடு கொசுறாகக் கொடுத்த ஒரே கடைக்காரி எமெரித்தா பலாசியோஸ்தான். மற்ற கடைக்காரர்கள் தீப்பெட்டி கொடுத்தார்கள், மிஞ்சிப்போனால் ஒரு வாழைக்காய். மக்தலேனா ஆற்றங்கரையில் வெயில் அடிக்கிற அடிக்கு எது உசத்தி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எல்லாம் பெரிய கடை வந்ததால் வந்த வினை. படகுத்துறைப் பக்கம் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக அதைத் திறந்த மாதமே எமெரித்தாவின் மூலைக்கடையில் பாலாடைக்கட்டி வாங்க ஆளில்லாமல் காய ஆரம்பித்தது. பொகோத்தாவில் வாழ்க்கைப்பட்ட மகள் அரேலிஸ் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "கடையப் பூட்டிட்டு இங்க வந்துரும்மா, ஒரு ரூம் சும்மாதான கெடக்கு" என்றாள். எமெரித்தாவுக்கு அந்த அறையைத் தெரியும். ஒரு முறை போய்க் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்திப் படுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். வாயைத் திறந்தால், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்பான் மருமகன். போகிறவன் வருகிறவனையெல்லாம் வாசலில் நின்று வம்புக்கிழுத்தே காலத்தை ஓட்டிய பொம்பளைக்கு அது உயிரோடு சமாதி கட்டுவது மாதிரி. அங்கே போனால் செத்துப்போவேன் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வர்த்தக சங்கத்திலிருந்து ஓர் இளைஞன் வந்து, சிறுகடைக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து வியாபாரத்தைப் பெருக்கும் வழிகளைச் சொன்னான். வாடிக்கையாளரின் பெயரை நினைவில் வையுங்கள் என்றான். எமெரித்தாவுக்குப் பெயர் மட்டுமல்ல, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் அத்துப்படி. கண்ணில் படுகிற மாதிரி பெயர்ப்பலகை மாட்டுங்கள் என்றான். ஊரில் வழி சொல்வதே அவள் கடையை வைத்துத்தான். கடைசியாக, "பெரிய கடைக்காரனால குடுக்க முடியாதது உங்ககிட்ட என்ன இருக்கு? அதக் குடுங்க" என்றான். நல்ல பையன், சொன்னதும் சரிதான். எமெரித்தா வீடு திரும்பி, கடைக்கு முன்னால் நின்ற வாதுமை மரத்தை அண்ணாந்து பார்த்தாள், அப்புறம் குனிந்து தரையைப் பார்த்தாள். மறுநாள் தையல் கத்திரிக்கோலோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலை நிழலைத்தான் வெட்டுவாள். உச்சிவெயில் நிழல் கெட்டி, கத்திரிக்கோல் மழுங்கிவிடும். சாயங்கால நிழல் நீளமாக இருக்குமே தவிர நைந்திருக்கும், ஒரு துவைப்புக்குத் தாங்காது. முதல் துண்டு, மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிற பஸ்குவாலுக்குப் போனது. முட்டை வாங்கியவன் வழக்கம்போல, "தோன்யா எமெரித்தா, கொசுறு?" என்று மரியாதையாக விளித்துப் பல்லைக் காட்டினான். "ஒன் மூஞ்சிக்குக் கொசுறு வேறயா? இந்தா, புடிச்சுத் தொல" என்று கையில் திணித்தாள். அவன் அதை வண்டி மேல் கட்டிக்கொண்டான், அன்றிலிருந்து அவன் வண்டி இருக்கை யாரையும் சுடவில்லை. டீச்சரம்மா ஒரு துண்டை வாங்கித் தொட்டில் மேல் போட்டாள். கோழிக்கூட்டுக்கு, படகுக்கு, புதைகுழி தோண்டுகிறவர் தலைக்கு என்று நிழல் ஊரெங்கும் பரவியது. பெரிய கடையும் சும்மா இருக்கவில்லை. தங்கள் சுவரின் நிழலை அளந்து வெட்டி, 'இலவசம்' என்று ஒலிபெருக்கியில் கூவிக் கொடுத்தார்கள். அதில் சிமெண்ட் வாடை அடித்தது. அதோடு, கூவிக் கொடுப்பது என்ன கொசுறு? வாங்குகிறவர் கொஞ்சம் குழைய வேண்டும், கொடுக்கிறவர் கொஞ்சம் முறைக்க வேண்டும். முறைக்கத் தெரிந்த ஆள் அந்தக் கடையில் ஒருவரும் இல்லை.

ஆனால் எமெரித்தா அளவு தெரியாமல் வாரிக் கொடுத்துவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் நிழல் தீர்ந்துபோனது. மரம் கிளை நிறைய இலையோடு நின்றது, தரையில் அத்தனையும் வெயில். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஜனங்கள் உப்பு வாங்க வந்து, நிழலில் நின்று, பேச்சு வளர்ந்து, தாகமெடுத்து ஒரு பீர் குடித்து, வீட்டில் சோப்பு இல்லை என்பது ஞாபகம் வந்து அதையும் வாங்கிப் போனதுதான் அவள் வியாபாரம். இப்போது உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினார்கள், அப்புறம் அதற்கும் வரவில்லை. கொடுத்த கொசுறைத் திருப்பிக் கேட்பதா? எங்கள் ஊரில் அதற்கு ஆற்றில் விழுந்து சாகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டபோது எமெரித்தா முதல் தடவையாக, சரி, வந்து கூட்டிப்போ என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் பஸ்குவால் முட்டைக்கு வந்தான். "அத்தனையும் தானம் பண்ணிட்டு வெயில்ல காயிறியே, மூளை இருக்கா ஒனக்கு?"

"இருந்துச்சு. போன வாரம் அதையும் கொசுறாக் குடுத்துட்டேன்."

அவன் வண்டியிலிருந்து தன் நிழலைக் கழற்றி இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்த டீச்சரம்மா தன் துண்டோடு வந்து ஒட்டி நின்றாள், பின்னாலேயே படகுக்காரர்கள் வந்தார்கள். துண்டுகள் ஓரத்தோடு ஓரம் தானாகவே ஒட்டிக்கொண்டன. மத்தியானத்துக்குள் பழைய நிழல் மொத்தமும் கடை முன்னால் விரிந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், யாரும் முதலில் கிளம்ப முடியவில்லை. ஒருவர் தன் துண்டை எடுத்தால் பக்கத்து ஆளின் மண்டையில் வெயில் விழும், அது வணக்கம் சொல்லாமல் போவதைவிடப் பெரிய மரியாதைக்கேடு. "அடுப்புல மரவள்ளி வேகுது, நான் போறேன்" என்றாள் டீச்சரம்மா. "போயேன், தாராளமாப் போ, நான் இங்க வெந்து சாகுறேன்" என்றார் புதைகுழி தோண்டுகிறவர். அவள் போகவில்லை. டோமினோ ஆடுகிற மேசை வெளியே வந்தது, பீர் தீர்ந்து மறுபடி வாங்கி அடுக்கினாள் எமெரித்தா. அன்றிலிருந்து தினமும் இப்படித்தான்.

சொன்னபடி அரேலிஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளுக்கென்று நிழல் இல்லாததால் ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒரு சோடா குடித்தாள். அம்மா ஒருவனைத் திட்டி, இன்னொருவனைச் சிரிக்கவைத்து, மூன்றாமவனின் மாமியாரை விசாரிப்பதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சோடா குடித்தாள். பொகோத்தா பஸ் கிளம்பும் நேரம் நெருங்கியது. அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொல்லி அவள் வாயே திறக்கவில்லை.

"எனக்குக் கொசுறு கெடையாதாம்மா?" என்றாள்.

மரத்து நிழலில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, விரிந்திருந்ததெல்லாம் மற்றவர்களுடையது. எமெரித்தா வெயிலில் இறங்கி நின்று, தரையில் விழுந்த தன் நிழலைக் காட்டி, மகளிடம் கத்திரிக்கோலை நீட்டினாள். "தோள் பக்கமா வெட்டிக்கோ, அதான் அகலம். ரெண்டு சோடாக்கு இது ஜாஸ்திதான், போ" என்று முறைத்தாள். அரேலிஸ் மண்டியிட்டு வெட்டி, செய்தித்தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

பொகோத்தா குளிரில் நிழலுக்கு ஒரு தேவையும் கிடையாது. அரேலிஸ் அதைச் சமையலறைத் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் விரித்திருக்கிறாள். தரை துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறாள். அவள் புருஷன் முதலில் கறை என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தான். இப்போது அவனும் தாண்டித்தான் போகிறான்.