மாறிய கீழ்த்தாடை

"நான் சொல்ல வர்றத முழுசா—"

"முழுசாத்தான் படிச்சேன். கண்ணாடி போட்டுப் படிச்சேன், ரெண்டு தடவ—"

"என் பேப்பர நீ எதுக்கு எடுத்துப் படிக்கணும்?"

"சாப்பாட்டு மேஜை மேல விரிச்சுப் போட்டுட்டுக் குளிக்கப் போனா படிக்காம என்ன பண்ணுவாங்க? 'என் நாவல்தான் பிரிந்து கிடந்த அண்ணனையும் தம்பியையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது.' ஏண்டி, எழுதும்போது உனக்குக் கை கூசல?"

"நடந்ததத்தானே எழுதியிருக்கேன்! அப்பாவும் சித்தப்பாவும் இருபத்தஞ்சு வருஷம் மூஞ்சிய மூஞ்சி பாக்கல. புத்தகம் வந்து நாலாவது மாசம் சித்தப்பா நம்ம வாசப்படி ஏறினாரா இல்லையா?"

"ஏறினார். எதுக்கு ஏறினார்னு என்னிக்காவது கேட்டியா?"

"சேர்ந்துட்டாங்க. அப்புறம் எதுக்கு, ஏன், எப்படின்னு நோண்டிட்டு—"

"ஊர்ல உள்ள எல்லார் வீட்டுக் கதையையும் நோண்டுவ. இது மட்டும் வேண்டாம். மெதுவாப் பேசு, பின்னறைல சித்தப்பா முழிச்சிருக்கார்."

"நீதான் கத்தற."

கத்தியது இருவரும்தான். அக்காவுக்கு அறுபத்தாறு, தங்கைக்கு அறுபத்திரண்டு. ஆனால் இந்த வீட்டின் முன்னறையில் நின்றால் இருவருக்கும் ஐம்பது வயது குறைந்துவிடும், சண்டையும் அந்த வயதுச் சண்டையாகவே இருக்கும். வெளியே தங்கை பெரிய நாவலாசிரியை. விருது வாங்கியவள், மேடையில் சால்வை போர்த்தப்பட்டவள். வீட்டுக்குள் அவள் பெயர் வாயாடி. நடக்கப் பழகுவதற்கு முன்பே பேசப் பழகியவள் என்று அம்மா வைத்த பெயர், இன்னும் உதிரவில்லை.

நேற்று காலை வந்திறங்கியிருந்தாள். அவளுடைய முதல் நாவலுக்குப் பதினைந்தாம் பதிப்பு வருகிறது. 'கதை பிறந்த வீடு' என்று ஒரு முன்னுரை எழுதிக் கொடுங்கள், புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். வீட்டைப் பார்த்தால் எழுத்து தானாக வரும் என்று கிளம்பி வந்தாள். வரவும் செய்தது. ஒரே இரவில் ஆறு பக்கம். அதைத்தான் அக்கா படித்துவிட்டாள்.

அப்பா பல் கட்டுகிறவர். பல் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்தில் பல்செட் செய்து மாட்டுவது அப்பாவின் வேலை. அவர் இருந்தவரை இந்த முன்னறைதான் பட்டறை. மூன்று சுவரிலும் கூரை வரை அலமாரி. அதில் ஊரில் பல் போனவர்களின் தாடைகள் வெள்ளைப் பிளாஸ்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேல் அச்சும் கீழ் அச்சும் ஜோடி சேர்த்து, சுற்றி ஒரு நூல், நூலில் ஒரு பெயர்ச்சீட்டு. விருந்தாளி யாராவது முதல்முறை வந்தால் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். இருநூறு வாய்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாண்டி உள்ளே வர ஒரு தைரியம் வேண்டும்.

வாயாடி அந்த வாய்களோடு பேசித்தான் வளர்ந்தாள். மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிடப் போனதும் இரண்டு ஜோடியை எடுத்து நூலை அவிழ்ப்பாள். கையில் வைத்துத் திறந்து மூடிச் சண்டை போட வைப்பாள். தாசில்தார் தாடைக்கு ஒரு குரல், மாவு மில் அம்மாவின் தாடைக்கு ஒரு குரல். அவள் எழுதிய முதல் வசனங்கள் எல்லாம் பிளாஸ்டர் பேசியவைதான். எந்தப் பேட்டியிலும் அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்.

மீதி இதுதான். பதினோரு வயதில் ஒரு மத்தியானம் அவள் கையில் இருந்தவை ஒரு தலைமையாசிரியரின் தாடையும் ஒரு மர வியாபாரியின் தாடையும். சண்டை உச்சத்தில் இருந்தபோது அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக நூலைக் கட்டி அலமாரியில் வைத்தாள். கட்டும்போது கீழ்த்தாடைகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. அது அவளுக்கு அன்று தெரியவில்லை. பத்து நாள் கழித்துத் தெரிந்தது, ஊருக்கே தெரிந்தபோது. தலைமையாசிரியர் ஓய்வு பெறும் விழா. புதுப் பல்செட் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்று, "முப்பத்தாறு ஆண்டுகள்" என்று தொடங்கினார். கீழ்ப்பல் வரிசை துள்ளி மேஜையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெற்றோர் சிரித்தார்கள். அவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். மறுநாள் மர வியாபாரியும் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அச்சு மாறியது வெளிப்பட்டது.

அச்சுகளுக்குப் பொறுப்பு சித்தப்பா. அப்பா மூன்று கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே சித்தப்பா ஒரு தகரப் பெட்டியோடு வெளியே போனார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. அதன்பின் யார் யாருடைய பட்டறையிலோ கூலிக்குப் பல் ராவியே காலத்தைத் தள்ளினார். மனைவியும் போய்விட, முட்டியும் தகராறு செய்ய, மூன்று மாதம் முன்பு அக்காதான் அவரைக் கூட்டிவந்து பின்னறையில் வைத்தாள்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. அதுதான் பயம். "நாவல்ல அச்சு மாறினத எழுதின. எழுதிக்கோ. அவர் குடிச்சிருந்தார்னு எதுக்குடி எழுதின? அன்னிக்கு யாருமே அவரக் குடிகாரன்னு சொல்லலியே, அப்பா கூடச் சொல்லலியே. கவனமில்லாதவன்னுதான சொன்னார்."

வாயாடி மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடினாள்.

பல்செட் மேஜையில் விழுந்ததை, நாவலில் தண்ணீர் டம்ளருக்குள் விழுந்ததாக மாற்றியிருந்தாள். அது சிரிப்புக்காக. இன்றைக்கும் கூட்டங்களில் அந்த அத்தியாயத்தைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். குடி சிரிப்புக்காக இல்லை. முதல் கைப்பிரதியில் சித்தப்பா குடிக்காமல் நிதானமாகத்தான் இருந்தார். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் நின்றுவிட்டாள். நிதானமான, கவனமான ஒரு ஆள். அப்புறம் அச்சு எப்படி மாறும்? வேறு யார் மாற்றியது? படிக்கிறவன் கட்டாயம் கேட்பான். கேள்வி வராமல் இருக்க ஒரு பாட்டில் போதுமானதாக இருந்தது. ஒரு வாக்கியம். அதை எழுதிய பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள் என்பதும் நினைவிருக்கிறது.

"கதைக்குத் தேவைப்பட்டுச்சு," என்றாள்.

"கதைக்கா, உனக்கா?"

"நீ மட்டும் என்ன? கதவு பக்கத்துல நின்னு பாத்தேல்ல, நான் நூல அவிழ்க்கறத? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"பாத்தேன்." அக்கா மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கி ஓரம் தட்டினாள். "பதினஞ்சு வயசு. அப்பாவுக்குக் கோபம் வந்தா உனக்குத் தெரியும். அடி உனக்கு விழும்னு பயந்தேன். சித்தப்பாதான, நாலு நாள்ல திரும்பி வந்துருவார்னு நெனச்சேன். நானும் யோக்கியம்னு சொல்ல வரல. ஆனா அம்பது வருஷமா உன் தப்பு என் தொண்டைல நிக்குது. இதுக்கு மேல முடியாது. நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"எழுபத்தெட்டு வயசுல அவருக்கு இது எதுக்குக்கா?"

"அவருக்கு எதுக்குன்னு அவர் சொல்லட்டும். போ."

பின்னறைக்குப் பதினெட்டு அடி. வாயாடி நான்கு தடவை நின்றாள். ஒரு தடவை சேலை மடிப்பைச் சரி செய்தாள். இன்னொரு தடவை, சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தை உற்றுப் பார்த்தாள்.

சித்தப்பா ஜன்னலோரம் நாற்காலியில், மடியில் துண்டு விரித்து, யாருடையதோ ஒரு பல்செட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஒரு விரலைக் காட்டி நிறுத்தினார். பக்கத்துக் கிண்ணத்திலிருந்து தன் பல்செட்டை எடுத்து மாட்டி, இரண்டு தடவை கடித்துப் பார்த்தார்.

"இப்ப பேசு. எழுத்தாளர் வந்திருக்கும்போது பொக்கை வாயோட பேசினா மரியாதையா இருக்காது பாரு."

"இது யாரோடது சித்தப்பா?"

"எதிர்வீட்டு டீச்சரம்மாது. ஒரு பக்கம் குத்துதாம். அந்தம்மாவோட நாக்கே எல்லாரையும் குத்தும், பல்ல மட்டும் குத்தம் சொல்லுது." சிரித்தார். "என்ன, அக்காளும் தங்கச்சியும் காலைலயே கச்சேரி? சத்தம் கேட்டுச்சு, விஷயம் கேக்கல. காதுக்கும் ஒரு செட் கட்டினா நல்லாருக்கும்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள். மருந்தைப் பற்றிக் கேட்டாள். ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்றாள்.

"வாயாடி," என்றார் அவர். "நீ சுத்தி வளைக்கற ஆள் இல்லையே. என்னன்னு சொல்லு."

சொன்னாள். மைக் முன்னால் ஆயிரம் பேருக்குப் பேசியவள், ஒரு கிழவர் முன்னால் துண்டு துண்டாகச் சொன்னாள். தாடைகளை வைத்து விளையாடியதை. நூலை அவிழ்த்ததை. செருப்புச் சத்தத்தை. அப்பா கேட்டபோது அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை. பிறகு, புத்தகத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எதற்குச் சேர்த்தாள் என்பதையும். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

"தப்பு என்னுது சித்தப்பா. உங்களுது இல்ல. ஒரு துளி கூட இல்ல."

அவர் உப்புத்தாளை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"கீழ் அச்சா மாறிச்சு? மேலயா?"

"கீழ."

"அதான்." தலையை மெல்ல ஆட்டினார். "கொஞ்சம் அகலமா இருக்கேன்னு எனக்குப் பட்டுச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். 'செட்ட வார்க்கறதுக்கு முன்னாடி மெழுகுல செஞ்சு ஒரு தடவ அவர் வாயில போட்டுப் பாத்துடலாம்ணே'ன்னேன். அந்த வாத்தியார் பரீட்சை வேலையா வெளியூர் போயிருந்தார், விழா அன்னிக்குத்தான் வர்றார். 'நான் எடுத்த அளவு தப்பாதுடா, நீ வேலையப் பாரு'ன்னுட்டார்."

வாயாடி இதைக் கேட்டதே இல்லை. நாவலில் இது இல்லை. முன்னுரையின் ஆறு பக்கத்திலும் இல்லை.

"அப்பாகிட்டயே சொன்னீங்களா?"

"சொன்னேன். அதனாலதான் அத்தன வருஷம் நான் படியேறல. கோபம் இல்லம்மா அது. நான் எச்சரிச்சேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ன வெளிய அனுப்பினார். 'தப்பு என் பேர்லயும் இருக்குடா'ன்னு ஒரு நாள் அவரே வந்து சொல்லுவார்னு உக்காந்திருந்தேன்." டீச்சரம்மாவின் பல்செட்டைத் துண்டில் பத்திரமாகச் சுற்றினார். "அப்பத்தான் உன் புத்தகம் வந்துச்சு. பட்டறைல ஒருத்தன் சத்தமாப் படிச்சான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கம் வரல. குடிச்சிருந்தேனா? அந்த வயசுல எப்பவாவது ஒரு தடவ தொட்டிருக்கேன், இல்லேங்கல. அன்னிக்கா? ஞாபகம் இல்ல. சரி, நம்ம வாயாடி சின்னதுலேர்ந்தே எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கும். அது எழுதியிருந்தா அப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஐயோ சித்தப்பா."

"இரு, முடிச்சுடறேன். கெளம்பி வந்தேன். உங்கப்பா அந்த முன்னறைலதான் உக்காந்திருந்தார். கால்ல விழுந்தேன். 'குடிச்சுட்டு உங்க பேரக் கெடுத்துட்டேன்ணே, மன்னிச்சுடுங்க'ன்னேன். உங்கக்கா அடுக்களைல நின்னுட்டிருந்துச்சு. அண்ணன் அந்த அச்சு அலமாரியப் பாத்தார். அப்புறம் என் தலைல கை வச்சு, 'போகுது விடுறா'ன்னார்."

வாயாடியின் கண்முன் அந்த வாக்கியம் வந்து நின்றது. ஒரே கூரையின் கீழ்.

"முன்னுரைல எல்லாத்தையும் எழுதிடறேன் சித்தப்பா. நான்தான் மாத்தினேன், நீங்க குடிக்கல, அப்பாவ எச்சரிச்சீங்க. எல்லாம். புதன்கிழம அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள—"

"எழுது, எழுதாம போ. ஊரப் பத்தி எனக்கென்ன." அவர் வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். கன்னம் ஒட்டி, முகம் சட்டென்று சின்னதாகிப்போனது. பொக்கை வாயில் வார்த்தைகள் குழைந்து வந்தாலும் ஒவ்வொன்றும் தெளிவாகவே இருந்தது. "உன் தப்ப நீ சொல்லிட்ட, நான் கேட்டுக்கிட்டேன். அவர் சொல்ல வேண்டியத அவர் சொல்லாமயே போய்ச் சேர்ந்துட்டாரே, அத நான் இனிமே யார்கிட்டப் போய்க் கேக்கட்டும், வாயாடி?"