மரத்தில் இரும்பு உண்டா?

பின்பக்கமாக வந்த கிரேன் போட்ட 'குய்ங் குய்ங்' கூச்சலில், திருப்பதியில் அலிபிரி சாலையை ஒட்டிய அந்தத் தெரு முழுக்க எழுந்துகொண்டது. நாய்கள் குரைத்தன. மாடிகளில் தலைகள் முளைத்தன. 'அறிவகம், 1999' என்று நெற்றியில் எழுதியிருந்த வீட்டின் வாசலில், எடுத்து வையுங்கள் என்று நேற்று நான்கு முறை சொல்லியும் எடுக்கப்படாத புதுக் கார் ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதன் முகத்தில் கட்டிய ரிப்பனைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

துலுக்காணம் கிரேனிலிருந்து இறங்கி அந்தக் காரை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் மரம் எடுக்கிறவர். நாகலாபுரத்திலிருந்து திருப்பதி வரைக்கும் அவர் இறக்காத மரம் இல்லை. அவருக்கு மரம் வெட்டப் பாடம் நடத்தாத வீட்டுக்காரரும் இல்லை. மரத்தை நினைத்து அழுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். விறகை நினைத்து அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறார். அவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். எல்லாம் தெரிந்தவர்கள் என்று ஒரு ரகம் இருக்கிறதே, அவர்களிடம்தான் கையையும் காலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் எழிலரசன் அந்த ரகம். நகரிப் பக்கத்துத் தமிழர். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பருக்கு ஆசிரியர் கடிதம் எழுதுகிறவர். இரும்பு கேட்டைத் திறந்துகொண்டு கையில் செல்போனோடு வந்தார்.

"எட்டு மணின்னு சொல்லிட்டு எட்டேகால் ஆகுது. இதுதான் உங்க புரொபஷனலா?"

"எட்டுக்கே வந்துட்டோம் சார். உங்க கார்தான் எங்கள உள்ள வுட மாட்டேங்குது."

"அது பாட்டுக்கு நிக்குது. உன் கிரேன் மேல எம்பிப் போகாதா?"

கிரேன் ஓட்டும் யஸ்வந்த் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். கார் நகர இன்னொரு கால் மணி ஆயிற்று. சாவி எங்கே என்று எழிலரசன் மனைவியை மூன்று தடவை திட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மரம் வீட்டின் பின்னால் நின்றது. நல்ல வயதான புளியமரம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். போன மழையில் வேர்ப்பக்கம் மண் இளகி, சமையலறைச் சுவரை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மதில் சுவரில் விரிசல். இன்னொரு புயலுக்குத் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் எழிலரசன் கவலைப்பட்டது சுவருக்காக அல்ல, காருக்கு ஷெட் போட இடம் வேண்டும் என்பதற்காக.

நேற்று சாயங்காலமே துலுக்காணம் வந்து சுற்றிப் பார்த்திருந்தார். அனுமதிக் காகிதம் வாங்கியாயிற்றா என்று கேட்டார். எழிலரசன் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். கரண்ட் லைனைக் காலையில் நிறுத்தச் சொல்லியாயிற்றா, தேன்கூடு ஏதாவது இருக்கிறதா, கட்டை யாருக்கு, வேரைத் தோண்டி எடுக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"மரத்துல இரும்பு எதுனா கீதா சார்? கொடி கட்ன ஆணி, கம்பி, கொக்கி... எத்தினி வருசத்துக்கு முந்தி அடிச்சதா இருந்தாலும் சொல்லிடுங்க."

"இரும்பா? இது என்னப்பா பழைய சாமான் கடையா?" என்று சிரித்தார் எழிலரசன்.

துலுக்காணம் சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று விரல்தான் இருந்தது. "சத்தியவேட்ல ஒரு மாமரம். வீட்டுக்கார அம்மா துணி காயப்போட அடிச்ச ஆணிய மறந்துட்டாங்க. மரம் அத முழுங்கிட்டுது. மெஷின் செயின் போய் அதுல பட்டு அறுந்து, ரெண்ட எடுத்துக்கினு போச்சு. அதான் கேக்கறேன். கீதா?"

"இல்லைன்னா இல்லை. எழுதிக் கொடுக்கணுமா?"

பிறகு துலுக்காணம் தன் தொழில் வழக்கப்படி அடிமரத்தில் ஒரு மஞ்சள் நூலைச் சுற்றி, கற்பூரம் ஏற்றி, மரத்தை அண்ணாந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நாளைக்குக் காலைல வரோம். இதுல இருக்கறது எதுவா இருந்தாலும் இப்பவே எழுந்து போயிடுங்க."

எழிலரசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பேய்க்கு நோட்டீஸ் விடுறியாப்பா? இருபத்தோராம் நூற்றாண்டுல! பேயே இல்லைன்னு முப்பது வருஷம் பசங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது!"

"பேய் இருக்குதோ இல்லையோ, குருவி கீது, அணில் கீது, ஓணான் கீது. சொல்லிட்டுச் செய்யறது எங்க வழக்கம் சார்."

சமையலறைக் கதவருகே நின்றிருந்த அவர் மனைவி சுலோச்சனா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை உச்சந்தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, "சொன்னா எல்லாம் போயிடுமாண்ணா?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் துலுக்காணத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. பதில் சொல்வதற்குள் எழிலரசன், "உள்ள போ, காபி போடு" என்றுவிட்டார்.

இன்று காலை மணிவேல் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறினான். மணிவேல் துலுக்காணத்தின் ஒரே மகளைக் கட்டியவன். கல்யாணத்தன்றே மகள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: 'உன் கையப் பார்த்துக்கினுதான் வளந்தேன் நைனா. இவர் பத்து விரலோட வீட்டுக்கு வரணும்.' அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்தடியிலும் துலுக்காணத்துக்கு வேறு நினைப்பே கிடையாது.

முதலில் நுனிக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் கயிற்றைக் கட்டி, அறுத்து, ஊஞ்சலில் இறக்குவதுபோல மெதுவாகத் தரையில் இறக்கினார்கள். எழிலரசனுக்குப் பொறுமை இல்லை. யாரும் கிட்டே வராதபடி மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்து, செல்போனைத் துலுக்காணத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாரு, வெளிநாட்ல எப்படி வெட்றான்னு. அடியில ஒரே வெட்டு. மரம் படுத்துடுச்சு. நீங்க என்னமோ குழந்தைக்கு முடி இறக்குற மாதிரி ஒவ்வொண்ணா..."

"அந்த ஊர் மரத்துக்குப் பக்கத்துல சமையல் ரூம் இல்லியே சார்."

"கோணத்தைக் கணக்குப் போட்டா எந்தப் பக்கம் வேணும்னாலும் விழவைக்கலாம்பா. பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்."

"மரம் எந்த ஸ்கூல்லயும் படிக்கல சார். கயித்துக்கு அந்தாண்ட நில்லுங்க."

மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். எழிலரசன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார். போன சூட்டோடு, கரண்ட் இல்லாததால் ஃபேன் ஓடவில்லை என்றும், மரத்தூள் ஜன்னல் வழியாக வருகிறது என்றும், காய்ந்த இலை பக்கத்து வீட்டுத் தொட்டியில் விழுகிறது என்றும் வரிசையாகக் குறை சொன்னார். மரம் எடுத்தால் தூள் பறக்கும் என்பது மட்டும் அந்த அறிவியல் வாத்தியாருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

பதினோரு மணிக்கு மொட்டை மரம்தான் மிச்சம். பதினைந்தடி உயரத்துக்கு ஒற்றைத் தூண். யஸ்வந்த் கிரேன் கொக்கியை இறக்க, மணிவேல் அகலமான பெல்ட்டை மரத்தின் மேல்பக்கம் சுற்றி மாட்டிவிட்டுக் கீழே வந்தான். இனி அடியை அறுத்து, தூணை அப்படியே கிரேனில் தூக்கி வெளியே வைத்துவிடலாம்.

"இடுப்புக்குக் கீழே வை மாப்ள" என்றார் துலுக்காணம்.

மெஷின் உறுமியது. மரத்தூள் மஞ்சளாகப் பறந்தது. பாதி அளவு போயிருக்கும். திடீரென்று உறுமல் கிறீச்சென்று மாறியது. நெருப்புப் பொறி தெறித்தது. 'டப்' என்று செயின் அறுந்து, மணிவேலின் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பின்னால் போய் விழுந்தது.

துலுக்காணம் பாய்ந்து போய் மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணும் இல்ல மாமா. கண்ணாடி தாங்கிடுச்சு."

உளியை எடுத்து வெட்டுவாயின் ஓரத்தில், பட்டையை ஒட்டித் தட்டித் தோண்டினார் துலுக்காணம். கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்று கழன்று வந்தது. கடையில் விற்கிற ஆணி இல்லை. கொல்லன் பட்டறையில் அடித்த சதுர ஆணி. துருப்பிடித்த அதன் கழுத்தில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் பிரித்தார். நீளமான தலைமுடி.

அந்த வட்டாரத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பேய் பிடித்தது என்று சொல்லிப் பெண்ணைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, உச்சிமுடியைப் பிடித்து ஆணியோடு மரத்தில் அறைந்து, முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம்.

"ஓரி நாயனோ" என்று கிரேனில் இருந்தபடியே தெலுங்கில் பதறினான் யஸ்வந்த்.

துலுக்காணம் ஆணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கயிற்றருகே போனார். "இன்னா சார் இது?"

எழிலரசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடித் தலைகள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "எனக்கு என்ன தெரியும்? நாங்க இடம் வாங்குறதுக்கு முன்னாடி எந்த முட்டாளோ அடிச்சிருப்பான்."

"வீடு கட்னது தொண்ணூத்தொம்பதுன்னு நெத்தியிலயே எழுதி வச்சிருக்கீங்க. ஆணிமேல மூடியிருக்கற கட்டையப் பாருங்க. நாலு விரல் கனம்கூட இல்ல. இருவது வருசத்துக்கு மேல போவாது. நீங்க சயின்ஸ் வாத்தியார், நீங்களே கணக்குப் போடுங்க."

எழிலரசன் குரலைத் தாழ்த்தினார். "ஏம்பா சத்தம் போடுறே? சரி, இப்பதான் ஞாபகம் வருது. எங்க அம்மா காலத்துல வீட்டு வேலைக்கு ஒரு பொண்ணு வந்துக்கினு இருந்தா. புத்தி சரியில்லாதவ. தானா சிரிப்பா, தானா அழுவா. அவ ஆளுங்க யாரையோ கூட்டிக்கினு வந்து என்னமோ பண்ணாங்க. நான் அப்ப ஊர்லயே இல்ல. இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பாதி அறுந்த மரம் கிரேன் கொக்கியில் முனகிக்கொண்டு நின்றது. சமையலறைப் பக்கம் இன்னும் சாய்ந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தே ஆகவேண்டும். காந்தத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார் துலுக்காணம். ஒட்டவில்லை. உள்ளே ஆழத்தில் போன இரும்பு காந்தத்துக்கு எங்கே வரும்?

"கடைசியா கேக்கறேன் சார். ஏன் அடிச்சீங்க, யாருக்கு அடிச்சீங்க, எனக்குத் தேவையில்ல. இன்னும் எத்தினி கீது? எங்க கீது? என் மாப்ள கை வைக்கணும்."

"ஒண்ணே ஒண்ணுதான்பா."

"ஊர்லயே இல்லன்னீங்க. அப்புறம் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?"

எழிலரசனின் முகம் சிவந்துபோனது. "நான் சொல்றேன்ல? ஒண்ணுதான்! தைரியமா வை!"

தைரியம் சொல்வதற்கு அந்த மனிதருக்கு என்ன குறைச்சல்? பத்து விரலும் அவருக்குப் பத்திரமாக இருந்தது. மணிவேல் புதுச் செயின் மாட்டிய மெஷினோடு எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தான். மெஷினை ஓடவிட்டான்.

சமையலறைக் கதவு திறந்தது. சுலோச்சனா வெளியே வந்தாள். கட்டியிருந்த கயிற்றைக் கையால் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"ஏய், எங்க வர்ற? உள்ள போ!" என்று கத்தினார் எழிலரசன்.

அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மதில் சுவரருகே போய், வெறும் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டினாள். தலைப்பை விலக்கினாள். உச்சந்தலையில் மூன்று இடங்களில் முடியே முளைக்காமல் சின்னச் சின்ன வட்டங்களாகத் தோல் தெரிந்தது. உள்ளங்கையை உச்சிமேல் வைத்து, அந்த உயரத்தைச் சுவரில் தொட்டுக் காட்டினாள்.

மணிவேல் மெஷினை நிறுத்தினான்.

"இதுக்கு ஒரு சாண் மேல வச்சு அறுங்கண்ணா, மூணு அமாவாசைக்கு மூணு ஆணி, மூணுலயும் சுத்தியிருக்கறது என் முடிதான், சுத்தியல் புடிச்சது இதோ நிக்கறாரே இவருதான்."