சம்பந்தி வீட்டுப் பச்சைக் கோடு

…இப்போதெல்லாம் தான் நன்றாக இருக்கிறோமா இல்லையா என்பதுகூட ஒருத்தனுக்கும் தெரிவதில்லை, கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் கேட்கிறான், தூங்கினேனா, நடந்தேனா, கவலைப்பட்டேனா, அது சொன்னால்தான் உண்டு. இந்த மினி பஸ்ஸிலேயே பாருங்கள், கிழவன் ஒருவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறேன், இந்தத் தடியன் எழுந்து இடம் கொடுக்க வேண்டாமா, மணிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், அதில் என்ன சிவப்பு வந்ததோ… போகட்டும், உட்கார எனக்கும் நேரமில்லை, இன்னும் இரண்டு நிறுத்தம்தான், நான் ஒன்றும் காற்று வாங்கப் போகவில்லை. என் பெண்டாட்டி உல்கான் சம்பந்தி வீட்டில் இருக்கிறாள். நேற்றும் அங்கேதான் இருந்தாள், முந்தாநாளும். சம்பந்தி எசென்குல், என் மருமகளைப் பெற்றவர், பெண்டாட்டி செத்துத் தனியாக இருக்கிற மனிதர், ரத்தக் கொதிப்பு இருக்கிறது, சமைத்துப் போட ஆளில்லை, பாவம், ஒரு சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று குளிர்காலத்தில் ஆரம்பித்தாள், இதோ பாப்லர் மரமெல்லாம் பஞ்சு விட ஆரம்பித்துவிட்டது, தெருவெல்லாம் பறக்கிறது, மூக்கில் ஏறுகிறது, அவள் சூப்பு இன்னும் கொதித்து முடியவில்லை.

நான் சந்தேகப்பட்டேனா? இல்லை. சத்தியமாகப் போன வாரம் வரைக்கும் இல்லை. சம்பந்தி என்றால் நம் பக்கத்தில் சும்மாவா, வாசலுக்கு எதிரே மேல் இடத்தில் உட்காரவைத்து, ஆட்டில் நல்ல எலும்பை எடுத்து அவர் தட்டில் வைக்க வேண்டும், நானே வைத்திருக்கிறேன், இந்தக் கையால். எல்லாம் அந்தக் கடிகாரம் செய்த வேலை. மாசி மாதத்துப் பனியில் சந்தையில் உல்கான் மயங்கி விழுந்தாளே, அதற்கப்புறம் மகன் மிர்பெக் வாங்கிக் கட்டிவிட்டான், துடிப்பு பார்க்கும், மூச்சு பார்க்கும், மன அழுத்தம் என்று ஒன்று இருக்கிறதாம், அதையும் கோடு போட்டுக் காட்டும், எல்லாம் அவன் போனுக்குப் போகும். எனக்கும் ஒன்று என்றான். போடா, நான் என்ன காதில் தகடு அடித்த ஆடா என்றேன். இருக்கட்டும், போன வாரம் சாப்பிடும்போது போனைத் தடவிக்கொண்டே சிரிக்கிறான், “அம்மா, மத்தியானம் ஆனா உங்களுக்கு அப்படியே பச்சையா இருக்கு, குழந்தை தூங்குற மாதிரி. சாயங்காலம் ஆறு மணியானா செவப்பு ஏறுது. என்ன விஷயம்?” உல்கான் ரொட்டியைப் பிய்த்தாள். ஆறு மணிக்கு அவள் எங்கே இருப்பாள்? வீட்டில், என் எதிரில். மத்தியானம் எங்கே? ஒருத்தரும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, படித்தவர்கள் அல்லவா, நான் பார்த்தேன். வாயிலிருந்த கறி அப்படியே நின்றுவிட்டது.

பச்சை. என் பெண்டாட்டிக்கு அவன் வீட்டில் பச்சை… அவன் என்கிறேனே, அவர். அவர், அவர். பூகம்ப ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மனிதர், விஞ்ஞானி, இன்னும் சொந்தப் பல், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முதுகு பாருங்கள் கம்பம் மாதிரி. கல்யாண விருந்தில் என்ன சொன்னார்? பூமி எப்போதும் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது, நாம் டீ குடிக்கிறபோதும் நடுங்குகிறது, நமக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும் என்றார். அதற்கு இவள், என்னைக் கட்டி இத்தனை வருஷத்தில் எட்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேசாதவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள், “அப்ப பூமிக்கு அலுக்காதா சம்பந்தி?” அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். “நல்ல கேள்வி” என்றார். நல்ல கேள்வியாம்! நான் முப்பது வருஷம் லாரி ஓட்டினேன், தெற்கே போகிற கணவாயில், பனிச்சரிவு எதிரே இறங்கி வர, பிரேக் பிடிக்காமல், விரல் நுனி கறுத்துப்போய் வீட்டுக்கு வந்திருக்கிறேன், கணவாய் எப்படி இருந்தது என்று ஒரு தடவை கேட்டிருப்பாளா? சட்டையைக் கழற்றுங்க, தண்ணி காயுது, அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை, அது வேறு. கேட்டால்தானே சொல்ல.

பஸ் நின்றது, இறங்கினேன், இன்னொரு தடவை போனைப் பார்த்தேன், உல்கான் கடிகாரம் இருக்கிற இடத்தைக் காட்டும் அந்தப் புள்ளி அங்கேயேதான் இருக்கிறது, நகரவில்லை. மகன்தான் வைத்துக் கொடுத்தான், அம்மா மறுபடி எங்கேயாவது விழுந்தால் உங்களுக்குத் தெரியட்டும் என்று. நான் வேண்டாம் என்றேன். ஆமாம், அப்போது வேண்டாம் என்றுதான் சொன்னேன். மருமகள் அய்ஜமால் வக்கீல், ஜனங்களுடைய உரிமை, சுதந்திரம் என்று ஒரு அலுவலகத்தில் வேலை, அவள் புருஷனிடம் சண்டைக்கே வந்தாள், “ஒருத்தர் எங்க போறாங்க, எங்க நிக்கிறாங்கன்னு அவங்களக் கேக்காம பாக்குறது தப்பு, அம்மாவா இருந்தா என்ன?” நான் மேசையில் கையடித்து, சபாஷ் மருமகளே என்றேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். எங்கள் லாரிப் பட்டறையில் அந்தக் காலத்தில் ஒருவன் இருந்தான், கேட்டதையெல்லாம் அதிகாரிகளிடம் போய்ச் சொல்கிறவன், காது என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், பூட்ஸ் கிடைக்காததைப் பற்றி ஒருவன் வேடிக்கையாக ஏதோ சொன்னான், மறுவாரம் சொன்னவனுக்கு லாரி இல்லை, கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டுவிட்டார்கள். இப்போது பார், இந்த மூலையில் ஒரு கேமரா, அந்தக் கம்பத்தில் ரெண்டு, மூஞ்சியைப் பார்த்துப் பேர் சொல்லுமாம். என் போனில் கேமரா இருக்கிற இடத்தில் நான் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன். புள்ளி வேறு விஷயம். புள்ளி என் பெண்டாட்டி. பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று புருஷன் பார்ப்பதும் சர்க்கார் பார்ப்பதும் ஒன்றா? ஒன்றாகுமா? மருமகளைக் கேட்டால் ஒன்று என்பாள். கேட்கப்போவதில்லை.

அவர் கட்டடத்து இரும்புக் கதவுக்கு ஏதோ எண் அழுத்த வேண்டும், எனக்குத் தெரியாது, உல்கானுக்குத் தெரிகிறது பாருங்கள். வாய்க்கால் ஓரமாக நின்றேன், பஞ்சு தண்ணீரில் நுரை மாதிரி போகிறது. என்ன சொல்வது? சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றா? சந்தையில் ஆட்டுத்தலை வாங்க வந்தேன் என்றா, சந்தை ஊருக்கு அந்தப் பக்கம். அவர் கதவைத் திறந்து, வாருங்கள் சம்பந்தி, என்று இரண்டு கையையும் நீட்டுவார், நானும் இரண்டு கையால் பிடிக்க வேண்டும், உள்ளே போய் மேலிடத்தில் உட்கார வேண்டும், குசலம் விசாரிக்க வேண்டும், அவர் வீட்டில் அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாது, சொன்னால் நாளைக்கு மகனும் மருமகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி முழிப்பார்கள்… சம்பந்தியாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் நான் யார் என்று காட்டியிருப்பேன். ஒரு அம்மாள் குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள், கதவு மூடுவதற்குள் நுழைந்துவிட்டேன். மூன்று மாடி. முட்டி கத்துகிறது. அவருக்கு முட்டியும் வலிக்காதாக்கும்.

தட்டினேன். ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன், உள்ளே மெல்லக் கால் சத்தம், கதவு திறந்தது, உல்கான். தலையில் துணி இல்லை. நான் பார்த்தது அதைத்தான் முதலில், துணி இல்லை, முடி அவிழ்ந்து தோளில் கிடக்கிறது, வெள்ளை முடி, பட்டப்பகலில், அடுத்தவன் வீட்டு வாசலில். என் வீட்டில் மகன் எதிரேகூட அவள் துணி இல்லாமல் நின்றதில்லை. காதுக்குள் லாரி எஞ்சின் மாதிரி ஒரு சத்தம். அவளுக்கு ஒரு பதற்றமும் இல்லை, தூக்கத்தில் எழுந்து வந்தவள் மாதிரி பார்க்கிறாள், கன்னத்தில் தலையணை மடிப்பு.

“சம்பந்தி எங்க?”

“நாரின்ல. மூத்த பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆகுது. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி அய்ஜமால் சாவி குடுத்தா.”

“அப்ப சூப்பு வைக்கப் போறேன், சூப்பு வைக்கப் போறேன்னு தினம் போனியே, அதை யாரு குடிச்சா?”

“நான்தான்.”

“நீயே வச்சு நீயே குடிக்க இத்தன தூரமா? நம்ம வீட்ல அடுப்பு இல்ல?”

“அடுப்பு இருக்கு. நீங்களும் இருக்கீங்க.”

நான் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டேன். படுக்கையறை, குளியலறை, சமையலறை, சின்ன வீடு, விஞ்ஞானி வீடு என்றால் என்னமோ நினைத்திருந்தேன், ஜன்னலில் நாலு ஜெரேனியம் தொட்டி, சுவரில் மலைகளின் படம், சோபாவில் ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒன்றுதான். அவள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அலமாரியையும் தெறந்து பாத்துருங்க, மிர்பெக் அப்பா. கீழ பெட்டி ஒண்ணு இருக்கு, ஒல்லியான ஆளுன்னா அதுலயும் மடங்கிப் படுக்கலாம்.” கேலிதான். ஆனாலும் திறந்தேன். ரெண்டு கோட்டு, அந்துருண்டை நாற்றம். கையில் என் போன் இன்னும் அந்தப் புள்ளியோடு வெளிச்சமாக இருக்கிறது, அவள் அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் பையில் போட்டுக்கொண்டேன், இனி மறைத்து என்ன.

“இதப் பாத்தா வந்தீங்க?”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நானும் கத்தலாம், கத்துவதற்கு என்னிடம் நிறைய இருந்தது, கல்யாண விருந்திலிருந்து வரிசையாக. அவள் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டாள், போனுக்குப் பக்கத்திலேயே. “இது உங்ககூடவே இருக்கட்டும். துணைக்கு.” அப்புறம் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, நான் கேட்காமலே, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், “இங்க வந்தா முதல்ல சூப்பு வைப்பேன். குடிப்பேன். அப்புறம் படுத்துக்குவேன். எந்திரிச்சு சும்மா உக்காந்திருப்பேன். யாரும் ஏன் உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

வேறு ஒன்றும் இல்லையாம். அதற்கா பச்சை? சும்மா உட்கார்ந்திருப்பதற்கா? நான் என்ன உன்னை உட்காரவிடாமல் அடித்தேனா, என்றைக்காவது கையை ஓங்கியிருக்கிறேனா என்று வாய்வரை வந்தது. ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பேன்தான், கேட்டால் என்ன, எதிரே ஒரு மனுஷி ஒன்றும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்க மாட்டார்களா, உடம்பு சரியில்லையோ என்றுகூடக் கேட்கலாம், கேட்பதெல்லாம் குற்றமா? எசென்குல் இங்கே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எதற்காக என் நெஞ்சு எரிகிறது என்று. இவள் என்னைவிட்டு ஒருவனிடம் வரவில்லை. யாருமே இல்லாத இடத்துக்கு வந்திருக்கிறாள், பஸ் ஏறி, பொய் சொல்லி, யாரும் இல்லாததற்காக. அதற்கு எந்த ஊரில் பஞ்சாயத்து வைப்பது, அதை எந்தச் சட்டையைப் பிடித்து உலுக்குவது?

“வந்தது வந்தீங்க, உக்காருங்க” என்றாள், டீ போட்டாள். வருகிறவருக்கு நம் பெண்கள் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், அடி நனைகிற மாதிரி, குடிக்கக் குடிக்க ஊற்றுவார்கள், இருங்கள், போய்விடாதீர்கள் என்று அர்த்தம். உல்கான் என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். தளும்பாமல், நிதானமாக, பார்த்துப் பார்த்து நிரப்பினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் குடித்தேன். நாக்கு வெந்தது.

“எப்ப வருவ?”

“ஆறு மணிக்கு. எப்பவும் போலத்தான்.”

படி இறங்கும்போது மேலே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து வாய்க்காலைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன், மூன்றாம் மாடி, ஜெரேனியம் ஜன்னல், அதற்கு இந்தப் பக்கம் கண்ணாடி அடைத்த ஒரு பால்கனி. பால்கனி! எல்லாம் பார்த்தேன், பால்கனியைப் பார்க்கவில்லை. அதற்குக் கதவு எந்தப் பக்கம்? சோபாவுக்குப் பின்னால் திரை தொங்கியதே, அதுதான் கதவாக இருக்கும். நாரின் என்று அவள்தானே சொல்கிறாள், நாரினுக்குப் போனவர் நாரினிலேயே இருக்கிறார் என்பதற்கு என்ன சாட்சி? ஒரு ஆள் நிற்கலாம் அந்தப் பால்கனியில், தாராளமாக நிற்கலாம், முதுகு வளையாத ஆள்கூட. திரும்பப் போய்த் தட்டலாம். இன்னும் கதவுக்கு எண் தெரியாது, யாராவது வருகிற வரை நிற்க வேண்டும், அது ஒன்றும் பெரிதில்லை, நிற்கலாம். போய்த் திரையை விலக்கி, பால்கனியைத் திறந்து பார்த்து… அங்கேயும் யாரும் இல்லை என்றால்?

நான் பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு ஆள் இருக்கத்தான் வேண்டும்.