லாக் சுவிட்ச்

விடிந்தும் விடியாத நேரத்தில் பாரியின் டிப்பர் களிமண் குழிக்குள் இறங்கியது. இரவெல்லாம் மழை பெய்திருந்தது. குழியின் அடியில் வெளுத்த சேறு புளித்துப் பொங்கிய மாவு போலக் கிடந்து நாறியது. அதற்குள் முழங்கால் புதைய நின்று பெண்கள் மண் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் வெட்டிப் போடுகிற களிமண்ணில் செம்மண் கட்டியும் வேரும் கலந்து வரும். அவற்றைக் கையால் பொறுக்கி எறிந்தால்தான் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகள் மண்ணை வாங்கும். சூளையில் வெந்து டீ கப்பாகவும் பொம்மையாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் ஆகப்போகிற மண். அதைத் தொட்டுத் தொட்டு அந்தப் பெண்களின் விரல் இடுக்கெல்லாம் ஊறி, தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது.

பாரி வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினான். பொக்லைன் மண்ணை அள்ளிக் கொட்டியது. ஒவ்வொரு அள்ளலுக்கும் வண்டி ஒரு முறை குலுங்கி, இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் அமுங்கியது.

வண்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்த வண்டி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. தொட்டியைத் தூக்க ஒன்று. ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்க ஒன்று. அதற்கும் பக்கத்தில் லாக் சுவிட்ச். சேற்றில் பின்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கினால், இன்ஜினின் பலமெல்லாம் வழுக்குகிற சக்கரத்துக்கே போய்விடும். தரையில் பிடிப்போடு இருக்கும் மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். லாக்கைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும். தாழ்ந்த கியரில், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் மெல்ல ஏற்றினால் வண்டி எந்தச் சேற்றிலிருந்தும் ஏறிவிடும். கெட்டித் தரைக்கு வந்ததும் லாக்கை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் பாரியின் வண்டியில் அந்தச் சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியாது. முதலாளி தர்மராஜ் ஒயரை வெட்டிவிட்டிருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு புது டிரைவர் லாக்கை எடுக்க மறந்து கம்மாபுரம் ரோட்டில் திருப்ப, பின்னச்சு உடைந்துபோனது. அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. மறுநாளே தர்மராஜ் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, நின்ற வண்டிகளிலெல்லாம் ஒயரை வெட்டச் சொன்னார். மூளையில்லாத பசங்க கையில் இதெல்லாம் எதற்கு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து லாக் சுவிட்சின் வேலையைப் பெண்கள் செய்தார்கள். வண்டி சிக்கினால் சூப்பர்வைசர் திருமால் கரைமேல் நின்று விசிலடிப்பான். பெண்கள் ஓடிவந்து டயருக்கடியில் சாக்கையும் உடைந்த பீங்கான் சில்லையும் திணிப்பார்கள். சில்லுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகள் கழித்துக் கட்டிய கோப்பைகளும் தலை போன சாமி பொம்மைகளும் ஒரு மேடாகவே கொட்டிக் கிடந்தன.

அன்று காலையும் அப்படித்தான் ஆயிற்று. பாரமேற்றிய வண்டி ஏற்றத்தில் பாதி வந்ததும் வலப்பக்கப் பின்சக்கரம் வழுக்கியது. பாரி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். இன்னும் அழுத்தினால் டயர் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். சேறு கொஞ்சம் காயட்டும், காத்திருக்கலாம் என்று திருமாலிடம் சொல்லிப் பார்த்தான். திருமால் விசிலை வாயில் வைத்தான்.

வளர்மதிதான் முதலில் வந்தாள். முப்பது வயதுகூட இராது. முதனை கிராமத்திலிருந்து தினமும் சேர் ஆட்டோவில் வருகிறவள். சாக்கைச் சுருட்டிக்கொண்டு டயர் பக்கம் குனிந்தாள். வேல்விழி அக்கா கூடையிலிருந்து சில்லைக் கொட்டினாள். திருமால் ஏறு ஏறு என்று கையை ஆட்டினான். பாரி மெல்ல ஏற்றினான். டயர் சில்லைக் கடித்தது. வண்டி ஒரு சாண் முன்னே போனது. அப்புறம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு பின்னால் சறுக்கியது.

வேல்விழி தொட்டியில் ஓங்கி ஓங்கி அடித்த சத்தம்தான் பாரிக்குக் கேட்டது. வளர்மதி கத்தவேயில்லை. அவன் கதவைத் திறந்து குதித்துப் பார்த்தபோது அவள் டயரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கால் கணுக்காலுக்குக் கீழே டயருக்கடியில் இருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

வண்டியை முன்னால் நகர்த்த முடியாது. நகர்த்தினால் மறுபடியும் வழுக்கும், மறுபடியும் அவள் மேலேயே வரும். பெண்கள் எல்லாரும் சுற்றி விழுந்து கையால் சேற்றைப் பறித்தார்கள். பாரியும் மண்டியிட்டுப் பறித்தான். களிமண் விடவில்லை. பறிக்கப் பறிக்கக் குழியில் நீர் ஊறி, வெள்ளைச் சேற்றில் சிவப்பு கரைந்தது. வேல்விழி அக்கா பொறுத்துக்கோடி, பொறுத்துக்கோடி என்று முணுமுணுத்துக்கொண்டே தோண்டினாள். கடைசியில் கால் வெளியே வந்தபோது அது காலாக இல்லை. மெத்தென்ற சேறு எலும்பு மொத்தமாக நொறுங்காமல் காப்பாற்றியிருந்தது. ஆனால் அவர்களே கொட்டிய சில்லு, குதிகாலையும் விரல்களையும் கிழித்துப் பிளந்திருந்தது. சதைக்குள் ஒரு கோப்பையின் நீலப் பூ போட்ட விளிம்பு குத்தி நின்றது.

அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். அங்கே நின்ற ஒரே கார் திருமாலுடையது. அவன் கதவைத் திறந்தான், திறந்ததும் மூடினான். சீட்டு கவர் புதுசு, ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்த் தார்ப்பாய் தேடினான். ரத்தம் சொட்டச் சொட்ட அவளைக் கைகளில் ஏந்தியபடி அவர்கள் நின்றார்கள்.

கார் ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் தர்மராஜ் தன் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஈரம் காயாத விபூதி. கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். குழி விளிம்பில் நின்று கீழே பார்த்தார்.

"டயர் கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

வண்டி நின்ற இடம்வரை இறங்கி, குனிந்து டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். ஷூவெல்லாம் சேறு. கரையோரம் ஒரு துண்டு சுருண்டு கிடந்தது. வளர்மதி தலையில் கட்டியிருந்த துண்டு, தூக்கி வந்தபோது அவிழ்ந்து விழுந்தது. தர்மராஜ் அதை மிதித்து, முன்னும் பின்னும் காலைத் தேய்த்து, ஒரு ஷூவைத் துடைத்தார். அப்புறம் மற்றதைத் துடைத்தார். வேல்விழி குனிந்து அவர் காலடியிலிருந்து அந்தத் துண்டை உருவினாள். அவர் தடுமாறித் தன் காரைப் பிடித்துக்கொண்டார். துண்டை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காறி ஓரமாகத் துப்பினாள்.

பாரியைத் தர்மராஜ் டவுனில் இருந்த ஆபீசுக்கு வரச் சொன்னார். அவன் போனபோது அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொங்கலில் நெய் மிதந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டே உட்காரச் சொன்னார், டீ சொன்னார். இத்தனை வருஷத்தில் அவன் அந்த ஆபீசில் உட்கார்ந்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லிச் சேர்த்தாயிற்று என்றார் அவர். திருமால் பார்த்துக்கொண்டான். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரனிடமும் பேசிவிடலாம். போலீசு வந்து கேட்டால் பாரியும் அதையே சொல்ல வேண்டும். குழியில் ஒன்றும் நடக்கவில்லை.

"பைக்குல வுழுந்தா காலுக்குள்ள பீங்கான் சில்லு எப்டிங்க வந்துது?" என்று பாரி கேட்டான்.

தர்மராஜ் வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார். "சரி, குழியிலயே நடந்துதுன்னு வச்சிக்குவோம். வண்டிய ஓட்னது யாரு?"

"நாந்தாங்க."

"அப்ப உள்ள போறது யாரு?"

தர்மராஜ் குரலைத் தணித்துக்கொண்டார். இன்னொரு புது வண்டி வருகிறது, ஏசி வண்டி, ரோட்டு வேலை மட்டும்தான், சேற்றுப் பக்கமே போக வேண்டியதில்லை, அது உனக்குத்தான் என்றார். சொல்லிக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். பாரிக்கு அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. டீயில் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. அதையும் பார்க்க முடியவில்லை.

"அந்த ஒயர வெட்டாம இருந்தா அந்தப் பொண்ணு டயருகிட்டயே வந்திருக்க வாணாங்க," என்றான். "பட்டனு வேலைய பொம்பளைங்கள செய்ய வச்சீங்க. அதத்தான் நான் சொல்லுவேன்."

"யாருகிட்ட?"

"கேக்கிறவங்ககிட்ட எல்லாம்."

தர்மராஜ் கை கழுவப் போனார். திரும்பி வரும்போது சாவியை வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். பாரி சாவியை டீக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தான்.

அங்கிருந்து நேரே பெரியாஸ்பத்திரிக்கு நடந்தான். வார்டு வாசலில் சேறு காய்ந்து வெடித்த கால்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற டிரைவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டொருவர் முகம் கொடுக்கவில்லை. பாரி நடந்ததைச் சொன்னான். தன் கை ஸ்டியரிங்கில் இருந்தபோதுதான் அந்தக் கால் போனது என்பதையும் மறைக்காமல் சொன்னான். வேல்விழி குறுக்கிட்டாள்.

"தம்பி, நாங்க டயருக்குக் கீழ கையி வுடும்போதெல்லாம் ஒன் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு வுடுவோம். நீ பாத்துதான் ஓட்டுன. எங்களக் கூப்புட்டது விசிலு."

உள்ளே வளர்மதிக்கு மயக்கம் தெளிந்திருந்தது. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். பைக்கில் எப்படி விழுந்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் பைக்கே கிடையாது என்று அவள் சொல்லியிருந்தாள். குழியையும் வண்டியையும் விசிலையும் சொல்லியிருந்தாள். அவள் வீட்டுக்காரன் வெளியே வந்து இதைச் சொன்னபோது முகம் கொடுக்காமல் நின்ற டிரைவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். படுத்துக் கிடக்கிறவளே சொல்லிவிட்டாள், நாம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவர் கேட்டார். ஒயர்களை மறுபடி சேர்க்கும்வரை ஒரு வண்டியும் இறங்காது, ஒரு கையும் மண்ணைத் தொடாது என்று அங்கேயே முடிவாயிற்று. குழியில் நடந்தது குழியில் நடந்ததாகவே இருக்க வேண்டும், வளர்மதியின் வைத்தியம் முதலாளி பொறுப்பு என்பதும்.

மறுநாள் காலை வண்டிகளெல்லாம் குழியின் வாயில் நின்றன. முந்தின நாள் மாலை சேறு கொஞ்சம் இறுகியதும் திருமால் பாரியின் வண்டியையும் மேலே ஏற்றி நிறுத்தியிருந்தான். பெண்கள் ஏற்றத்தின் மேல்முனையில் உட்கார்ந்துவிட்டார்கள். திருமால் விசிலடித்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அடித்துவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போனான்.

தர்மராஜ் வரும்போது கூடவே ஒரு டிரைவரைக் கூட்டிவந்தார். சேத்தியாத்தோப்பு ஆள், பெயர் ஆனந்தராஜ். நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நரைத்த மீசை. இரண்டு மாதமாக ஓட்ட வண்டி இல்லாமல் இருந்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாரியின் சாவியை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியில் ஏறினார். பாரி போய்த் தடுக்கவில்லை. வயிற்றுக்காக வந்த மனுஷனிடம் மல்லுக்கு நிற்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஆனந்தராஜ் இன்ஜினைப் போட்டார். பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை காத்திருந்தார். இறங்கப்போகிற சேற்றைத் தலையை நீட்டி ஒரு முறை பார்த்துவிட்டு லாக் சுவிட்சை அழுத்தினார். விளக்கு வரவில்லை. மறுபடி அழுத்தினார். குனிந்து கீழ்மூடியைக் கழற்றிப் பார்த்தார். டேப் சுற்றிய ஒயர் முனைகள் தொங்கின.

"இது யாரு வேல?" என்று திருமாலைக் கேட்டார்.

அது இல்லாமலும் ஓட்டலாம், வண்டி சிக்கினால் ஆள் வந்து சாக்குப் போடுவார்கள் என்று திருமால் சொன்னான்.

"எந்த ஆளு?"

திருமால் உட்கார்ந்திருந்த பெண்களைக் கையால் காட்டினான். ஆனந்தராஜ் அவர்களைப் பார்த்தார். வேல்விழி எழுந்து நின்று, நேற்று சாக்குப் போட்டவளுக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்னய்யா?" என்றார் தர்மராஜ்.

"நான் எறங்க மாட்டேங்க. ஒரு பொம்பள கைய நம்பி எறக்கற வண்டி எனக்கு வாணாம்."

இந்த மாவட்டத்தில் இனி எந்த வண்டியிலும் நீ ஏற முடியாது என்று தர்மராஜ் சொன்னார். ஆனந்தராஜ் சாவியைக் கார் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாதவராக ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, இங்க வாங்க," என்று பாரி கூப்பிட்டான்.

தர்மராஜ் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஃபோனில் பேசினார். போலீசு வந்துகொண்டிருக்கிறது என்று திருமால் வந்து சொன்னான். பெண்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவந்த ஒருத்தி எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

அப்போது பக்கத்துக் குழிக்குப் போகிற டிப்பர் ஒன்று ரோட்டில் வேகம் குறைந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி என்ன விஷயம் என்று கேட்டார். பாரி சொன்னான். அவர் தன் வண்டியின் ஸ்டியரிங் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"எங்குளுதுலயும் வெட்டித்தான் வச்சிருக்கான்," என்றார்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் வந்த வண்டியும் நின்றது. தூரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்கத் தொடங்கியது. வேல்விழி ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்து, வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.